சுவரில் கோடு போடாத வெயில்

எங்கள் வீட்டு முன்சுவரில் இரண்டு கறைக்கோடுகள் இருக்கின்றன. இடுப்புயரத்தில் ஒன்று, அதற்கு நாலு விரல் கீழே இன்னொன்று. ஒன்று 2015 டிசம்பர் மழை, மற்றது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த தண்ணீர். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் ஒரு மழைக்காலம் போனால் மறுபடி எட்டிப் பார்க்கும். கணக்கெடுக்க யார் வந்தாலும் வாய் திறக்க வேண்டாம், சுவரைக் காட்டினால் போதும். மிக்ஜாமுக்கு ரேஷன் கடையில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். தண்ணீர் வந்ததா இல்லையா என்று எங்கள் தெருவில் யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

வெயிலுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

வடசென்னை வியாசர்பாடியில் பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டவள் நான். மகளிர் குழுவில் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் வேலைக்குப் போனேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பி.பி., சுகர் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, அளந்து, மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டும். தோளில் ஒரு பை, பைக்குள் பி.பி. மெஷின், சுகர் பார்க்கும் மெஷின், மாத்திரை, நோட்டு. டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் யார் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, யார் வீட்டில் ஜன்னலே இல்லை என்பது எனக்குத் தெரியும். அது டாக்டருக்குத் தெரியாது. அந்த விஷயத்துக்கு மதிப்பு உண்டு என்று புரிய எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

எங்கள் சந்து முனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் அவர். ஊருக்கெல்லாம் இஸ்திரி அண்ணன். 2015 வெள்ளத்தின்போது தரை வீட்டில் குடியிருந்தார். பீரோ, டிவி, பெண்ணின் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட், அடுக்குமாடி வீடுகளிலிருந்து வந்திருந்த துணி மூட்டை எல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப்போயின. துணிக்காரர்களுக்குப் பதில் சொல்லியே மூன்று மாதம் ஓய்ந்துபோனார். "இனிமே செத்தாலும் தரை வீடு வேணாம்மா" என்று ஒரு மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்டிருந்த அறைக்கு வாடகைக்குப் போய்விட்டார்.

அவர் மட்டும் இல்லை. 2015க்கு அப்புறம் எங்கள் பக்கத்தில் மொட்டைமாடி காலியாக இருக்கிற வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒரு வாடகை கூடுதல், குடி வருகிறவருக்குத் தண்ணீர் ஏறாத இடம். இரண்டு பக்கமும் லாபம் என்றுதான் நானும் நினைத்தேன். வெள்ளத்துக்குப் பயந்து மேலே ஏறியவர்கள் எல்லாரும் ஷீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ரொம்ப நாள் எனக்கு உறைக்கவே இல்லை. தென்னங்கீற்றுக் கூரை இருந்த காலத்தில் இந்தச் சூடு இருந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு பொறி பட்டால் தெருவே எரிந்த காலமும் அதுதான். நெருப்புக்குப் பயந்து கீற்றை விட்டு ஷீட்டுக்கு வந்தோம், தண்ணீருக்குப் பயந்து தரையை விட்டு மாடிக்குப் போனோம்.

2024 மே, அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு வழக்கமாக பி.பி. மேலே 150க்குக் குறையாது. நான் மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் திட்டுவேன். அன்றைக்கு அளந்தால் 100. எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களாண்ணா, ஒழுங்கா மாத்திரை போட்டா எப்படி எறங்குது" என்றேன். "எறங்குச்சு, ஆனா எழுந்தா தல சுத்துதும்மா" என்றார். டீயைக் குறையுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். நோட்டில் 'நல்ல கட்டுப்பாடு' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அது கட்டுப்பாடு இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தது. அவர் சாப்பிட்டுவந்த மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைக்கிற வகை. பகலெல்லாம் கரி இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் வியர்த்துக் கொட்டியது. ராத்திரி ஷீட்டுக்கு அடியில் தூக்கம் இல்லை. இத்தனையும் சேர்ந்து அந்த 100.

மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டியிலேயே உளற ஆரம்பித்திருக்கிறார். கால் பின்னியிருக்கிறது. பார்த்தவர்கள், "பகல்லயே ஏத்திக்கிட்டாரு போல" என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அவர் அறையிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அந்த ஷீட் எப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டு வேலை முடிந்து அண்ணி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கத்தியபோதுதான் நான் ஓடினேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ராத்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குக் குடிப்பழக்கமே கிடையாது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

காகிதத்தில் மாரடைப்பு என்று இருந்தது. யாரும் பொய் எழுதவில்லை, கடைசியில் நின்றது இதயம்தானே.

அந்த வருடமே அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி பார்க்கப் போன கூட்டத்தில் 5 பேர் இறந்தார்கள். அப்போதுதான் வெயிலும் ஆளைக் கொல்லும் என்று ஊர் பேசியது. அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணை போட்டது. நல்ல ஆணை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அவர் இறந்தது ஆணைக்கு முன்னால், காகிதத்தில் மாரடைப்பு, பிரேதப் பரிசோதனை கிடையாது. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "வெயில்ல செத்தாருன்னு எதுலம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். என் நோட்டில் 'நல்ல கட்டுப்பாடு' என்று இருந்தது.

வெயிலை அரசாங்கம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று அதற்கு அப்புறம்தான் தேடிப் படித்தேன். வானிலைத் துறை கணக்குப்படி கடற்கரை ஊரில் வெப்ப அலை என்று சொல்ல வேண்டுமென்றால் குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், அதோடு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது அதிகம் இருக்க வேண்டும். சென்னைக்கு மே மாதத்தில் 37, 38 என்பதே வழக்கம்தான். ஆகவே 42ஐ நெருங்கினால்தான் பேரே கிடைக்கும். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாள் எப்போதோ ஒன்று வரும். மீதி நாளெல்லாம் வெறும் வெயில்.

வெறும் வெயிலில் என்ன ஆகிறது என்பது எங்களுக்குத் தெரியும். டெல்லிக்காரர்களுக்கு 44 என்றால் வியர்வை உடனே காய்ந்துவிடும், அது காய்வதில்தான் உடம்பு குளிரும். நமக்குக் கடல் ஈரம். 38 டிகிரியிலேயே வியர்வை காயாமல் உடம்பிலேயே வழியும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாது. மத்தியானத்துக்குள் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்று அதைத் தடுத்து நிறுத்துகிற நாளில் மூன்று மணிக்கு நாய்கூட வெளியே வராது. இதில் இன்னொன்று உண்டு. நுங்கம்பாக்கத்தில் அளக்கிற கருவி நிழலில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அப்படித்தான் அளக்க வேண்டும், தப்பில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் அந்தப் பெட்டிக்குள் குடியிருக்கவில்லை.

அதனால் சுவரில் மாட்டுகிற ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். 250 ரூபாய். நான் இந்த வேலையில் உருப்படியாகச் செய்த செலவு அதுதான். 2025 கோடையில் பி.பி. பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் அதை வைத்துப் பார்த்தேன். மூன்று மணிக்குத் தெருவில் வேப்பமர நிழலில் 36 என்றால் ஷீட் அறைக்குள் 41, 42. அதுகூட எனக்கு ஆச்சரியம் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் 30, உள்ளே 34 என்று காட்டியதைத்தான் நம்ப முடியவில்லை. மாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்குகிறது. பகல் வெயில் களைப்பாக்கும், தூங்கவிடாத ராத்திரிதான் ஆளைச் சாய்க்கும். இது என் கணிப்பு. ஆனால் என் நோட்டில் மயக்கம், தலைசுற்றல் என்று இருக்கிற பேர்களில் முக்கால்வாசிப் பேர் தொடர்ந்து மூன்று நாலு ராத்திரி சரியாகத் தூங்காதவர்கள்.

ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்று கேட்பார்கள். கொசு. கதவைத் திறந்து வைக்கலாமே. வயசுப் பெண் இருக்கிற வீடு. இன்னொரு ஃபேன் போடலாமே. இதைச் சொல்கிறவர்களுக்கு எங்கள் கரண்ட் கணக்கு தெரியாது. இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. மாடி ஷீட்டில் வாடகைக்கு இருப்பவருக்குத் தனி மீட்டர் இல்லை, வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டர்தான். யூனிட்டுக்கு 8 ரூபாய், சில இடத்தில் 10. ஆக, இலவசமும் இல்லை, சலுகை விலையும் இல்லை, ஊரிலேயே சூடான அறையில் இருப்பவர்கள்தான் ஒரு ஃபேன் ஓடுவதற்கு அதிகக் காசு கொடுக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியால் விசிறிக்கொள்கிற கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். இஸ்திரி அண்ணன் தேய்த்த சட்டைகள் எல்லாம் ஏ.சி. அறைக்குள் போகிறவை. அந்த ஏ.சி.யின் சூட்டுக்காற்று எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று அடுக்குமாடிகளின் பின்பக்கம் போய் நின்றால் தெரியும்.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன். சிலது பலித்தது, சிலது பலிக்கவில்லை.

முதலில் நோட்டை மாற்றினேன். பி.பி., சுகர் கட்டங்களுக்குப் பக்கத்தில் என் கையாலேயே நாலு கட்டம் போட்டேன். கூரை என்ன, எந்த மாடி, ராத்திரி தூக்கம் எப்படி, இன்றைக்கு எத்தனை சொம்பு தண்ணீர். கோடையில் யாருக்காவது பி.பி. திடீரென்று இறங்கினால் இப்போது சந்தோஷப்படுவதில்லை. எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்க்கிறேன், சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்கிறேன். அதை எழுதி நர்ஸம்மாவிடம் அன்றே காட்டுகிறேன். மாத்திரையை மாற்றுவதா குறைப்பதா என்று டாக்டர் சொல்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை என்பதையும் அப்போதுதான் கற்றேன். பூ விற்கிற அக்கா, மீன் விற்கிற அம்மா எல்லாரும் காலையில் ஒரு டீயோடு கிளம்பி சாயங்காலம் வரை தொண்டையை நனைக்க மாட்டார்கள். தாகம் இல்லாமல் இல்லை, போக இடம் இல்லை. "தண்ணி குடிச்சா நீ வந்து எங்க போறதுன்னு காட்டுவியா?" என்று ஒரு மீன்காரம்மா கேட்டார். பதில் இல்லை. அப்புறம் எங்கள் குழுப் பெண்கள் இரண்டு பேர் மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்காரரிடமும் ஒரு சர்ச்சிலும் பேசி, கழிவறையைப் பயன்படுத்த அனுமதி வாங்கினார்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்ததைவிட அதில்தான் பலன் இருந்தது. நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள் குறைந்தார்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம். கண்ணளவில் உப்பை அள்ளிப் போட்டால் கெடுதல். மற்றபடி நீர்மோர், கேழ்வரகுக் கூழ், நீராகாரம் எல்லாம் நம்மிடம் இருப்பதுதான். பி.பி.காரர்கள் மோரில் உப்பைப் பார்த்துப் போட வேண்டும். கடையில் விற்கிற கலர் பானங்களில் உடம்புக்குத் தேவையான உப்பைவிடச் சர்க்கரைதான் அதிகம். நீர்மோர் பந்தல் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் கட்சிக்கு ஒரு பந்தல் முளைக்கும், மெயின் ரோட்டில், பேனருக்கு நேர் கீழே. போட்டோ எடுத்த வாரம் தர்பூசணி உண்டு, அதற்கு அப்புறம் வெறும் பானை. ஒரு கட்சிக்காரத் தம்பியிடம், "பேனர் அங்கயே இருக்கட்டும்ப்பா, பானையை மட்டும் சந்துக்குள்ள வை" என்று கேட்டேன். சிரித்தான், வைத்தான். மே முடியும் வரை ரொப்பினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூரை விஷயம் பெரிய பாடு. ஷீட்டுக்கு மேல் வெள்ளை அடித்தால் சூடு குறையும் என்று கேள்விப்பட்டு ஆறு கூரைகளுக்கு அடித்தோம். சுண்ணாம்பும் அதில் ஒட்டுவதற்குப் பசையும் சேர்த்து ஒரு கூரைக்கு 700 ரூபாய் ஆனது, இரண்டு பூச்சு. அடித்த அறையில் மத்தியானம் மூன்று டிகிரி வரை குறைவாகக் காட்டியது என் தெர்மாமீட்டர். ஆனால் நாங்கள் செய்த தப்புகளைச் சொல்கிறேன். முதல் தப்பு, மே மாதத்தில் ஆரம்பித்தது. ஷீட் கொதிக்கும்போது அடித்தால் பூச்சு பிடிக்காமல் பொருக்காக உதிரும். பிப்ரவரி, மார்ச்சில் காலை ஆறு மணிக்கு அடிக்க வேண்டும். இரண்டாவது, ஒரு பையன் ஷீட்டின் மேல் காலை வைத்து ஏறி, ஷீட் உடைந்து தொடை வரை உள்ளே போய்விட்டான். பெரிதாக அடிபடாதது அவன் தாய் செய்த புண்ணியம். பலகை போட்டு, அடியில் கட்டை ஓடுகிற, ஆணி அடித்த வரிசையில் மட்டுமே எடையை வைக்க வேண்டும், அதுவும் முடிந்தவரை ஏணியில் நின்றபடி நீளக் குச்சியால் அடிப்பது மேல். மூன்றாவது, பழைய சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பாசியைக் காய்ந்தபடி சுரண்டினால் கிளம்புகிற தூசு நுரையீரலுக்கு நஞ்சு. நன்றாக நனைத்து, துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை வீட்டுக்காரர்கள். "இன்னிக்கு வெள்ளை அடிப்பீங்க, நாளைக்கு வீடே உங்களதுன்னுவீங்களா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இன்னொருவர், வீடு நன்றாக ஆனதும் வாடகையை 300 ரூபாய் ஏற்றினார். அதற்கு அப்புறம், அடிப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்காரரிடம் பேசி, 'கூரைச் செலவு குடியிருப்பவர் உடையது, ஒரு வருடத்துக்கு வாடகை ஏற்றுவதில்லை' என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். கோர்ட்டில் நிற்குமா தெரியாது, ஆனால் தெருவில் நிற்கிறது.

என்னைக் கேட்டால் வெள்ளையைவிடப் பச்சை நிழல்வலைதான் மேல் என்பேன். நர்சரியில் கட்டுவார்களே, அது. ஷீட்டின் மேல் அப்படியே விரித்தால் பிரயோசனம் இல்லை. ஒரு முழம் உயரத்தில் கம்பு நட்டு இழுத்துக் கட்ட வேண்டும், இடையில் காற்று ஓட வேண்டும். ஒரே தொல்லை, புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக அவிழ்க்க வேண்டும். 2016இல் வர்தா அடித்த அடியில் மரங்களே சாய்ந்த ஊர் இது, வலை எம்மாத்திரம். கோணியை நனைத்துப் போடுவது, வீட்டுக்குள் ஈரத்துணி தொங்கவிடுவது எல்லாம் மதுரைப் பக்கம் பலிக்கலாம். இங்கே ஏற்கெனவே காற்று ஈரம். அறை புழுங்குவதுதான் மிச்சம். சீலிங் ஃபேன் ஷீட்டுக்கு நேர் கீழே இருந்தால் மேலே தங்கிய சூட்டைத் தலையில் கொட்டும். தரையில் ஒரு டேபிள் ஃபேனை வாசல் பக்கம் வைப்பது மேல். அறை 40ஐத் தாண்டிவிட்டால் வயதானவர்களுக்கு வெறும் ஃபேன் காற்று உதவாது. கையையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டு உட்கார வேண்டும், இல்லையென்றால் அறையை விட்டே வெளியே வர வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் என் வட்டத்தில் ஏழு பேர், மூன்று வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பிரிக்காத குப்பியைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறேன், ஃபிரீசரை ஒட்டி வேண்டாம், உறைந்துபோனால் அதைத் தூர எறிய வேண்டியதுதான். பயன்படுத்துகிற குப்பி, பெரும்பாலான வகைகளில், நாலு வாரம் வரை வெளியே தாங்கும், ஆனால் 30 டிகிரிக்குள். 42 டிகிரி ஷீட் அறையில் அது எப்படி நடக்கும்? ஒரு மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி, இருக்கிற இடத்திலேயே நிழலான மூலை. நம் ஊர் ஈரக்காற்றில் இது சொல்கிற அளவுக்குக் குளிராது, உள்ளே 30, 31 காட்டியது. ஒன்றும் இல்லாததற்கு இது மேல். முடிந்தால் கீழ்வீட்டில் வைக்கச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட, ஆளைப் பார்த்ததும் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். வெயிலில் இருந்தவர் உளறினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டால், குடித்திருக்கிறாரா என்று மோந்து பார்க்க நேரம் இல்லை. 108க்கு ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் நிழலுக்குத் தூக்கிப்போய் சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தைவிட முன்னால் ஊற்றுகிற தண்ணீர்தான் உயிரைக் காப்பாற்றுகிறது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா சொன்னார். அண்ணனுக்கு அது நடக்கவில்லை. எங்கள் சந்திலேயே கைப்பம்பு இருந்தது.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியதையும் இப்போது எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்று சேர்க்கும்போதே சொல்லுங்கள். உடம்புச் சூட்டை அளந்து சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள், செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வெயிலால்தான் இறந்தார் என்று உரிய சான்று இருந்தால்தான் அந்த 4 லட்சம். துக்கத்தில் இருக்கிற குடும்பத்திடம் பிரேதப் பரிசோதனை பற்றிப் பேசுவது கொடுமை. தெருவில் யாராவது ஒருவர் பேசத்தான் வேண்டும், நான் பேசுகிறேன்.

மனு எழுதியதைப் பற்றிக் கடைசியாக. முதல் மனுவில் 'எங்கள் பகுதியில் வெப்பத்தைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினோம். இருபது நாளில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று போனுக்கு மெசேஜ் வந்தது. என்ன நடவடிக்கை என்று யாருக்கும் தெரியாது, வெயிலிடம்தான் கேட்க வேண்டும். இரண்டாவது மனுவில் நோட்டில் இருந்த கணக்கை வைத்தோம். மாடி ஷீட்டில் குடியிருக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 23 பேர், அவர்களில் பி.பி., சுகர் இருப்பவர்கள் 17 பேர், ராத்திரி பதினொரு மணிக்கு அறைக்குள் இருந்த சூடு இவ்வளவு. கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற சமுதாயக்கூடத்தின் வராண்டாவை இரவு 9 முதல் காலை 6 வரை ஜூன் 15 வரைக்கும் திறந்துவிட வேண்டும், சாவிக்கு எங்கள் குழு பொறுப்பு. 'முடியாது' என்று சொல்வதற்கும் ஒருவர் பேனாவைத் திறக்க வேண்டிய மாதிரி எழுதியிருந்தோம். மூன்று நடை நடந்தோம். கிடைத்தது.

முதல் ராத்திரி ஒன்பது பேர் வந்தார்கள், அத்தனையும் ஆண்கள். இருவர் சீட்டுக்கட்டு வேறு கொண்டுவந்தார்கள். யாருக்காக அலைந்தோமோ அந்தப் பெண்களில் ஒருத்திகூட வரவில்லை. அடுத்த நாள் அண்ணியிடம் கேட்டேன். "ஆம்பளைங்க படுத்திருக்கிற எடத்துல எப்படிம்மா நானு" என்றார். இது எங்களுக்குத் தோன்றாமல் போனது பெரிய வெட்கம். பொம்பளைங்க குழு என்று பேர்.

மறுநாள் வராண்டாவின் உள்பக்கத் தூண்களுக்கு நடுவில் மூன்று புடவைகளை இணைத்துக் கட்டினோம். எங்களில் நாலு பேர் முறை வைத்து அங்கேயே படுத்தோம். முதலில் இரண்டு பாட்டிகள் வந்தார்கள். மூன்றாம் நாள் அண்ணி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஓர் ஓரமாக விரித்து, தலைமாட்டில் சொம்பை வைத்துவிட்டு மேலே ஓடுகிற ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ஓடுற கரண்டுக்கு யாருக்குக் காசு குடுக்கணும்?" என்று கேட்டார்.

யாருக்கும் இல்லை அண்ணி என்றேன். அவர் நம்பவில்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து சுவிட்சை அணைக்கப் போனவரை நான்தான் கையைப் பிடித்துப் படுக்க வைத்தேன்.